ஒரு வீசா முடியுமுன் அடுத்த வீசா: ஐரோப்பா போய்வரும் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

மகள் சுவிசில், மருமகன்ர தங்கச்சி பாரிசில், தம்பி லண்டனில். எங்கட பக்கத்தில் கல்லடியில் இருந்து அக்கரைப்பற்று வரை இப்படிப் பிரிந்து கிடக்காத குடும்பம் குறைவு. முதல் வீசா கிடைக்கும்வரை எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். சறுக்குவது இரண்டாவது வீசாவில். பழைய வீசாவில் இன்னும் திகதி கிடக்கும், புதிய வீசாவும் கையில் இருக்கும், எதைக் காட்டுவது, எத்தனை நாள் நிற்கலாம் என்பது குழம்பிப்போகும்.

என் அம்மாவுக்கும் அயலவர்கள் பலருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். நாள் எண்ணுவதற்கு முன் டிக்கெற் போட்டு அபராதம் கட்டியவன் நான்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

இப்போதைய பாஸ்போட், பழைய பாஸ்போட்டுகள், கடந்த பயணங்களின் போர்டிங் பாஸ்கள், ஒரு சுவர்க் கலண்டர், பென்சில்.

பழைய பாஸ்போட்டைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முந்தைய வீசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியதற்கான சாட்சி அதில்தான் இருக்கிறது. "அது முடிஞ்சுபோன புத்தகம்தானே மனே" என்று அலுமாரிக்குள் போட்டுவிட்டு கொழும்புக்கு பஸ் ஏறியவர்கள் உண்டு.

இப்போதைய பாஸ்போட்டிலும் மூன்று விசயம் பாருங்கள். ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். 2 வெற்றுப் பக்கம் வேண்டும். வழங்கி 10 வருடத்துக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. இதில் ஒன்று பிழைத்தாலும் முதலில் புதுப் பாஸ்போட் எடுங்கள், பிறகுதான் வீசா.

2. எந்த நாடு எந்த வீசாவுக்குள் என்று பிரியுங்கள்

ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுத்தான் ஷெங்கன் வலயம். அதில் இப்போது 29 நாடுகள். குரோஷியா 2023 இல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக உள்ளே. சுவிசும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. லண்டன் இதற்குள் இல்லை. அயர்லாந்தும் சைப்பிரசும் இல்லை.

இந்தப் பிரிப்பை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், பிரித்தானிய வீசாவும் ஷெங்கன் வீசாவும் ஒரே திகதிகளில் இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டும் வேறு வேறு வீடு, வேறு வேறு திறப்பு. லண்டனில் நின்ற நாள் ஷெங்கன் கணக்கில் சேராது. சிக்கல் வருவது இரண்டு ஷெங்கன் வீசாக்கள் ஒன்றோடொன்று முட்டும்போது மட்டும்தான்.

3. பாஸ்போட்டில் ஒட்டிய வீசா ஸ்டிக்கரில் நான்கு இடங்களை வாசியுங்கள்

முதலாவது, வகை. "சி" என்றால் குறுகிய காலம், "டி" என்றால் ஒரு நாட்டின் நீண்டகால வீசா, "ஏ" என்றால் விமான நிலையத்தில் மாறிப் போக மட்டும்.

இரண்டாவது, தொடங்கும் திகதியும் முடியும் திகதியும். மூன்றாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது: ஒன்று, இரண்டு அல்லது பல முறை. நான்காவது, தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை.

இரண்டாவதையும் நான்காவதையும் ஒன்றென்று நினைப்பதுதான் எங்கட ஆட்களின் முதற்பிழை. 30 நாள் கேட்ட ஒருவருக்கு ஜூன் 1 முதல் ஜூலை 15 வரை என்று 45 நாள் திகதி போட்டு, தங்கும் நாள் 30 என்று வீசா வரும். அந்தக் கூடுதல் 15 நாள், பயணம் முன்பின்னாகத் தள்ளிப்போனால் உதவட்டும் என்று விடுகிற இடைவெளி. ஜூலை 15 வரை நிற்கலாம் என்பதல்ல அதன் பொருள். ஜூன் 1 இல் இறங்கினால் ஜூன் 30 க்குள் வெளியேற வேண்டும்.

எந்த நாடுகளுக்குச் செல்லும் என்ற வரியையும் பாருங்கள். ஷெங்கன் நாடுகள் என்று வழங்கிய நாட்டின் மொழியில் இருந்தால் எல்லாவற்றுக்கும் செல்லும். குறிப்பிட்ட நாட்டின் குறியீடு மட்டும் இருந்தால் அங்கே மட்டும்தான்.

4. நாட்களை எண்ணுங்கள்

இந்தப் படியில் ஒரு மாலைப்பொழுது முழுக்க இருங்கள், அவசரமே வேண்டாம்.

எந்த 180 நாட்களை எடுத்தாலும், ஷெங்கன் வலயத்துக்குள் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது. இறங்கும் நாளும் புறப்படும் நாளும் இரண்டுமே முழு நாளாகக் கணக்கில் வரும். இந்த 180 நாள் ஜனவரியில் தொடங்குவதில்லை, வீசா தொடங்கும் நாளில் தொடங்குவதுமில்லை. நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்து 180 நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். இந்த முறை 2013 ஒக்டோபர் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய கணக்கை இன்னும் சொல்லித் திரிகிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடாமல் கலண்டரை எடுங்கள்.

நாட்கள் ஆளோடு ஒட்டியவை, ஸ்டிக்கரோடு ஒட்டியவை அல்ல. புதிய வீசா கிடைத்தால் புதிதாக 90 நாள் கிடைக்காது. பழைய வீசாவில் நின்ற நாட்கள் புதிய வீசாவிலும் பின்தொடரும். பிரான்ஸ் தந்த வீசாவில் நின்ற நாளும் சுவிஸ் தந்த வீசாவில் நின்ற நாளும் ஒரே பானைக்குள்தான் விழும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு அம்மா 2026 மார்ச் 10 இல் சூரிச்சில் இறங்கி மே 8 இல் திரும்புகிறார். மார்ச்சில் 22, ஏப்ரலில் 30, மே மாதம் 8. மொத்தம் 60 நாள். மீண்டும் ஓகஸ்டில் போக விருப்பம், இரண்டாவது வீசாவும் தேவையான நாட்களோடு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஓகஸ்ட் 6 இல் இறங்கினால் 30 ஆவது நாள் செப்டெம்பர் 4. அன்று பின்னோக்கிய 180 நாளுக்குள் பழைய 60 நாளும் முழுக்க இருக்கும், ஆக 90 நிறைந்துவிட்டது. செப்டெம்பர் 5 இலிருந்து பின்னோக்கினால் சாளரம், அதாவது அந்த 180 நாள், சரியாக மார்ச் 10 இல் தொடங்கும், பழைய நாள் எதுவும் உதிராது, கணக்கு 91 ஆகிவிடும். எனவே 30 நாளோடு வெளியேற வேண்டும்.

ஒரே ஒரு நாள் தள்ளி ஓகஸ்ட் 7 இல் இறங்கினால்? செப்டெம்பர் 5 இல் கணக்கு 90. செப்டெம்பர் 6 இல் சாளரம் மார்ச் 11 க்கு நகரும், மார்ச் 10 உதிர்ந்துவிடும். ஒன்று கூடும், ஒன்று கழியும். இப்படியே நாளுக்கு நாள் உதிர்ந்து நவம்பர் 4 வரை, முழு 90 நாள் தொடர்ந்து நிற்கலாம்.

ஒரு நாள் வித்தியாசத்தில் 30 நாள், 90 நாள். நான் அபராதம் கட்டியதும் இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தான்.

ஐரோப்பிய ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இதற்கென்று ஒரு கணிப்பான் இருக்கிறது. முதலில் கையால் எண்ணுங்கள், பிறகு அதில் போட்டுச் சரிபாருங்கள். நேரே கணிப்பானுக்குப் போனால் திகதியைப் பிழையாக அடித்தாலும் பிழை கண்ணில் படாது.

மாணவராகவோ குடும்பத்தோடு சேரவோ டி வகை வீசாவில் அல்லது வதிவிட அனுமதியில், அதைத் தந்த நாட்டில் நின்ற நாட்கள் இந்த 90 இல் சேராது. அப்படி இருந்தவர்கள் அந்த ஆவணத்தின் பிரதியைத் தனியே வைத்திருங்கள். இல்லாவிட்டால் எல்லையில் நாள் கூடிப்போனவர்போலத் தெரிவீர்கள்.

5. உங்கள் நிலை எது என்று முடிவு செய்யுங்கள்

அடிப்படை விதி ஒன்று: ஒரே திகதிகளுக்குப் பயன்படுத்தக்கூடிய இரண்டு ஷெங்கன் சி வீசாக்களை ஒருவர் வைத்திருக்க முடியாது. இதிலிருந்து மூன்று நிலைகள் பிறக்கின்றன.

பலமுறை நுழைவு வீசா இன்னும் உயிரோடு இருக்கிறது, அடுத்ததும் வேண்டும். குறைந்தது 6 மாதம் செல்லுபடியான பலமுறை வீசா உள்ளவர் அது முடியுமுன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் புதியது, பழையது முடிந்த மறுநாளிலிருந்துதான் தொடங்கும். பழையது ஓகஸ்ட் 15 இல் முடிந்தால் புதியது ஓகஸ்ட் 16 முதல். இடையில் ஒரு நாளும் இடைவெளி இல்லாவிட்டால், பழைய வீசாவில் நுழைந்து புதிய வீசாவில் வெளியேறலாம், நடுவில் வெளியே போய்வரத் தேவையில்லை. 90 நாள் கணக்கு மட்டும் தொடரும். இரண்டும் இலங்கையிலேயே எடுத்து முடிந்திருக்க வேண்டும். அங்கே மகள் வீட்டில் இருந்துகொண்டு அடுத்ததை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒருமுறை நுழைவு வீசாவில் போய் வந்தாயிற்று, ஆனால் திகதி மீதி இருக்கிறது. அந்த வீசா செத்துவிட்டது. திகதி இருந்தும் பயனில்லை. புதியதற்கு விண்ணப்பிக்கலாம், பழைய திகதி தடையாகாது.

பழையது பயன்படும் நிலையில் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு ஒத்துவரவில்லை. உதாரணத்துக்கு, தங்கும் நாட்கள் போதாது. அதை ரத்துச் செய்து புதியது தரும்படி எழுத்தில் கேட்கலாம். கேட்டால் தர வேண்டும் என்ற கட்டாயம் தூதரகத்துக்கு இல்லை. நல்ல காரணம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

இவற்றுக்கு வெளியே, எங்கட குடும்பங்களை அடிக்கடி விழுத்துவது லண்டன் வளைவு. சூரிச்சில் இறங்கி, நடுவில் லண்டனில் கலியாண வீடு, பிறகு பாரிஸ், பிறகு வீடு. லண்டனுக்குப் போனதும் ஷெங்கனை விட்டு வெளியேறியாயிற்று. பாரிசுக்கு வருவது இரண்டாவது நுழைவு. ஒருமுறை வீசாவோடு போனவர் லண்டனில் விமானம் ஏறவே முடியாது. படிவத்தில் நுழைவு எண்ணிக்கை கேட்கும் இடத்தில் குறைந்தது இரண்டு என்று போட்டு, லண்டன் பயணத்துக்கான ஆதாரத்தையும் வைக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஷெங்கன் விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறவும் வீசா வேண்டிய நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. பிரித்தானிய வீசா மட்டும் வைத்துக்கொண்டு பாரிஸ் அல்லது ஃபிராங்போர்ட் வழியாக லண்டன் டிக்கெற் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். செல்லுபடியான ஷெங்கன் வீசாவோ அமெரிக்க, கனேடிய, ஜப்பானிய வீசாவோ இருந்தால் அந்த ஏ வகை வீசா தேவையில்லை. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியபின் அதன் வீசாவுக்கு அந்தச் சலுகை இல்லை. தோஹா அல்லது டுபாய் வழியாகப் போவது நிம்மதி.

6. எந்தத் தூதரகம், எப்போது

அதிக நாள் நிற்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. முதல் வீசா பிரான்ஸ் தந்தது என்பதற்காக இரண்டாவதையும் அங்கேயே கேட்க வேண்டியதில்லை. இந்த முறை சுவிசில் 40 நாள், பாரிசில் 10 நாள் என்றால் சுவிஸ்தான். "பிரான்ஸ் லேசாக் குடுக்குதாம்" என்ற கதையைக் கேட்டு மாற்றிப் போட்டால், பிறகு எல்லையில் தங்கும் முகவரி வேறாக இருக்கும்போது பதில் சொல்ல நேரும்.

பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாள் இருக்கும்போதாவது கொடுக்க வேண்டும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள்வரை எடுப்பார்கள். கொழும்பில் நேரம் கிடைப்பதற்கே சில வாரம் போகலாம். எனவே மூன்று மாதத்துக்கு முன் தொடங்குங்கள். பரிசீலனைக் காலத்தில் பாஸ்போட் அவர்கள் கையில் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பழைய வீசாவில் அந்த இடைவெளிக்குள் ஒரு பயணம் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு வந்து கொடுங்கள்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45. ரூபாவில்தான் கட்டுவீர்கள். நிராகரித்தால் திரும்பி வராது. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு.

59 மாதத்துக்குள் ஷெங்கன் வீசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் மறுபடி கொடுக்கத் தேவையில்லை. அந்தத் திகதியைப் படிவத்தில் எழுதுங்கள்.

கடந்த 2 வருடத்தில் 3 ஷெங்கன் வீசாக்கள் எடுத்து ஒழுங்காகப் போய்வந்தவருக்கு ஒரு வருடப் பலமுறை வீசா தருவது விதியில் இருக்கிறது. அதன் பிறகு 2 வருடம், அதன் பிறகு 5 வருடம். கடிதத்தில் இதைத் தெளிவாகக் கேளுங்கள். கேட்காதவருக்கும் தரலாம், ஆனால் பழைய வீசாக்களின் பிரதியை அடுக்கி வைத்துக் கேட்டவருக்கு வாய்ப்புக் கூட.

7. வருமானக் காகிதங்கள்

ஓய்வூதியம் எடுப்பவருக்கு இது லேசு. அரச ஊழியருக்கு வெளிநாட்டு லீவு அனுமதி ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக வேண்டும், முதல் பயணத்தின் கடிதத்தைத் திரும்ப வைக்க முடியாது.

கஷ்டப்படுவது வயல்காரர். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்ததும் வங்கியில் ஒரே தடவையில் பெரிய தொகை விழும், மீதி மாதங்களில் கணக்குக் காய்ந்து கிடக்கும். அதை வாசிக்கிற அதிகாரிக்கு, வீசாவுக்காக யாரோ கைமாற்றாகப் போட்ட காசுபோலத்தான் தெரியும். நெல் விற்ற பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையக் கடிதம், காணி உறுதி ஆகியவற்றை வைத்து, அந்த வைப்புக்கு நேரே சிறு குறிப்பு எழுதுங்கள். உண்மையாகவே கைமாற்று வாங்கிப் போடாதீர்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் சான்றிதழ் எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். முதல் வீசாவுக்குச் செய்த மொழிபெயர்ப்பில் பெயரின் எழுத்து எப்படி இருந்ததோ அப்படியே இதிலும் இருக்க வேண்டும்.

அழைக்கும் பிள்ளையின் பொறுப்புக் கடிதம் நாட்டுக்கு நாடு வேறு. சுவிஸ் தூதரகம் கேட்டால் பிள்ளை 30,000 பிராங் வரை பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். பிரான்சில் வீட்டில் தங்குவதற்கான சான்றை மாநகர சபையில் எடுக்க வேண்டும். இது அங்கே நடக்கும் வேலை, ஆகவே இங்கே படிவத்தைத் தொடுமுன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

8. படிவமும் விளக்கக் கடிதமும்

பழைய வீசா உயிரோடு இருக்கும்போது இரண்டாவதைக் கேட்பவர், அதிகாரியின் மனதில் வரும் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். இப்போதைய வீசாவின் இலக்கமும் முடியும் திகதியும், அதில் இதுவரை நின்ற நாட்கள், புதியது எந்த நாளிலிருந்து வேண்டும், புதிய பயணத்தோடு சேர்த்து 90 நாள் கணக்கு எப்படி நிற்கிறது என்பதை எழுதுங்கள். நான்காம் படியில் போட்ட கணக்கை ஒரு சின்ன அட்டவணையாக இணைத்தால் நல்லது.

பயணம் இரண்டு வீசாக்களுக்கும் குறுக்கே போகிறதென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முகவர்கள் சிலர் "பழைய வீசாவைப் பற்றி மூச்சு விடாதீங்க" என்பார்கள். தூதரகத்தின் கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

9. காப்புறுதி, பிறகு டிக்கெற்

குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாகும் மருத்துவக் காப்புறுதி வேண்டும். பலமுறை வீசாவுக்கு முதல் பயணத்தின் நாட்களுக்குக் காட்டினால் போதும். ஆனால் இரண்டாவது பயணத்துக்கும் நீங்களே எடுக்க வேண்டும். இரு வீசாக்களுக்குக் குறுக்கே நிற்பவர், வீசா மாறும் நாளில் காப்புறுதி அறுந்துபோகாதபடி ஒரே பத்திரமாக எடுங்கள்.

வீசா வரும்வரை டிக்கெற் முற்பதிவோடு நிறுத்துங்கள்.

10. வீசா கைக்கு வந்த அன்று

பாஸ்போட்டை வாங்கிய இடத்திலேயே நின்று மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். பெயர், பாஸ்போட் இலக்கம், திகதிகள், நுழைவு எண்ணிக்கை, தங்கும் நாட்கள். புதியது பழையது முடிந்த மறுநாளில் தொடங்குகிறதா? ஒரு நாள் இடைவெளி விழுந்திருந்தாலும் அந்த ஒரு நாள் நீங்கள் வீசா இல்லாதவர். பிழையை அங்கேயே சொன்னால் திருத்த வழி இருக்கும். இரவு பஸ்ஸில் மட்டக்களப்பு வந்து இறங்கியபின் பார்த்தால் மறுபடி ஒரு கொழும்புப் பயணம்.

11. எல்லையில்

நுழையும்போது இரண்டு வீசாக்களும் உள்ள பக்கங்களை அடையாளம் வைத்துக் கொடுங்கள். கேட்டால் ஒரு வசனம் போதும்: இது இத்தனையாம் திகதிவரை, அதன்பின் இது. திரும்பும் டிக்கெற், காப்புறுதி, அழைப்புக் கடிதம் கைப்பையில் இருக்கட்டும். சூட்கேசில் போட்டுவிட்டு வரிசையில் தவித்த பெரியவர்களைக் கண்டிருக்கிறேன்.

2025 ஒக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வந்தது. 2026 ஏப்ரல் 10 அதன் முழு அமுலுக்கான நாள். முத்திரை மங்கிக் கிடக்கும் காலத்தில் "எண்ண மாட்டாங்க" என்று சிலர் துணிந்தார்கள். இனி நாளை இயந்திரம் எண்ணும். பழைய முத்திரை விழுந்த பயணங்களும் 180 நாளுக்குள் இருந்தால் கணக்கில் உண்டு.

12. அங்கே நிற்கும்போது ஏதும் ஆனால்

வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாலோ விமானங்கள் நின்றுபோனாலோ, வீசா முடியுமுன் அந்த ஊரின் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் நீடிப்புக் கேளுங்கள். தவிர்க்க முடியாத காரணத்துக்கும் மனிதாபிமானக் காரணத்துக்கும் கட்டணம் இல்லை. முக்கியமான சொந்தக் காரணத்துக்கு 30 யூரோ. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் அடுத்த கிழமை வருகிறது என்பது எதிலும் அடங்காது. மருத்துவக் கடிதத்தின் மூலப்பிரதியை ஊருக்குக் கொண்டுவாருங்கள், அடுத்த விண்ணப்பத்தில் அதுதான் உங்களுக்காகப் பேசும்.

13. வீடு திரும்பியதும்

போர்டிங் பாஸை எறியாதீர்கள். கலண்டரில் இறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் பென்சிலால் வட்டமிட்டு, மொத்த நாளை ஓரத்தில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் பழைய பாஸ்போட்டுக்குள் வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் பாஸ்போட்டுக்குள் இப்போது அப்படி ஏழு தாள்கள் இருக்கின்றன.